டிஜிட்டல் டைரிகளை எடைக்குப் போட்டுவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு முன் வீட்டை ஒழுங்குசெய்து வெள்ளையடிக்கும் இந்நாட்களில், பழைய இரும்பு, பிளாஸ்டிக் சாமான்களோடு சேர்ந்து எடைக்குப் போய்விடுகிற ஒரு பொருளைப் பற்றித் தங்கள் நாளிதழ் வழியாக மதுரை வாசகர்களிடம் வேண்டுகோள் ஒன்றை வைக்க விரும்புகிறேன். 1990-களில் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் வந்த உறவினர்கள் வாங்கித் தந்த, சட்டைப் பையில் அடங்கும் டிஜிட்டல் டைரியையே குறிப்பிடுகிறேன். கீழமாசி வீதி வியாபாரிகளும் மருத்துவர்களும் தொலைபேசி எண், வர வேண்டிய பாக்கி, சந்திப்பு நேரம் என அன்றாடத் தகவல்கள் அனைத்தையும் அதில் ஏற்றி வைத்திருந்தார்கள். தமிழ் எழுத்து அதில் கிடையாது. உசிலம்பட்டியும் திருமங்கலமும் ஆங்கில எழுத்திலேயே ஏறின.

கைபேசியின் கதை 2007-இல் ஐபோனுடன் தொடங்கியதாகவே இன்றைய மாணவர்கள் நம்புகிறார்கள். ஆனால் அதற்கு வெகு முன்பே, கேசியோ நிறுவனம் 1983-இலும் இங்கிலாந்தின் சையான் நிறுவனம் 1984-இலும் கையடக்கக் குறிப்பேட்டுக் கருவிகளை விற்கத் தொடங்கிவிட்டன. சையான் தன் கருவிகளுக்காக உருவாக்கிய மென்பொருளே, 1998-இல் நோக்கியா, எரிக்சன் முதலிய நிறுவனங்கள் கைகோத்தபோது சிம்பியன் என்று பெயர் பெற்று, பிற்காலத்தில் நம் ஊரில் பலர் வைத்திருந்த நோக்கியா கைபேசிகளில் ஓடியது. 1993-இல் ஆப்பிள் வெளியிட்ட நியூட்டன் என்ற கையடக்கக் கணினி, கையெழுத்தைச் சரியாகப் படிக்கத் தெரியாமல் கேலிக்குள்ளாகி, 1998-இல் கைவிடப்பட்டது. ஆனால் அதற்குக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிப் தேவைப்பட்டதால், ஆப்பிளும் பங்காளியாகச் சேர்ந்து 1990-இல் அமைத்த ஆர்ம் நிறுவனத்தின் வடிவமைப்பே இன்று ஏறக்குறைய எல்லாக் கைபேசிகளிலும் இருக்கிறது.

இவற்றுள் நான் பெரிதும் மதிப்பது 1996-இல் வந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கணினி. அதை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவியைச் செய்வதற்கு முன் அதே அளவில் ஒரு மரத்துண்டைச் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். எதை எப்போது எடுத்துப் பார்க்க நேர்கிறது என்பதை அப்படித்தான் கண்டறிந்தார். கையெழுத்தைப் படிக்க இயந்திரம் திணறியதால், பெரும்பாலும் ஒரே கோட்டில் முடியும் எளிய எழுத்துமுறையைப் பயனருக்குக் கற்றுக்கொடுத்தார். இரண்டு சிறிய பென்சில் செல்கள் வாரக்கணக்கில் உழைத்தன. ஒவ்வொரு நாளும் சார்ஜருக்காகச் சுவரைத் தேடும் நமக்கு இந்தச் சிக்கனம் வியப்பளிக்க வேண்டும்.

நம் நாட்டு முயற்சியும் மறக்கப்பட்டுவிட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் என்கோர் மென்பொருள் நிறுவனத்தாருடன் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினி, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இந்திய மொழிகளில் வாசித்துக் காட்டும் நோக்கம் கொண்டது. ஸ்மார்ட் கார்டைச் செருகினால் ஒரே கருவியைக் கிராமத்தார் பலரும் தத்தம் விவரங்களோடு பயன்படுத்தலாம். எதிர்பார்த்த அளவு அது விற்கவில்லை. அதே காலகட்டத்தில் நம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் சென்னை ஐஐடியின் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு இணைய மையங்கள் நடந்தன என்பதால், இந்த வரலாற்றில் நம் மாவட்டத்துக்கும் பங்குண்டு என்றே கருதுகிறேன்.

ஆகவே மதுரையிலுள்ள பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளின் மின்னணுத் துறைகள் இத்தகைய கருவிகளைப் பொதுமக்களிடமிருந்து பெற்று, பழுதுபார்த்து, மாணவர் கையில் எடுத்துப் பார்க்கும்படி வைக்க வேண்டும். அலமாரியில் பல்லாண்டு கிடந்த டிஜிட்டல் டைரிகளில் பதிவுகள் பெரும்பாலும் அழிந்திருக்கும். செல் தீர்ந்து மின்சாரம் நின்றால் அவற்றின் நினைவகமும் வெறுமையாகிவிடும். ஆனால் இன்னமும் செல் மாற்றிப் பயன்படுத்தும் பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், திரையில் தெரிவதை முதலில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அதன் பிறகே செல்களை மாற்ற வேண்டும். முதன்மைச் செல்லையும் நினைவகத்தைக் காக்கும் துணைச் செல்லையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. கருவி ஓடாவிட்டாலும், கசிந்து கெட்டுப்போன செல்களை மட்டும் நீக்கிவிட்டுக் கல்லூரிக்குக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுவியல் விரிவுரையாளர்,
திருநகர், மதுரை.