கேமராவோடு கிராமம் பார்க்கப் போகும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

சனி ஞாயிறு வந்தால் பிள்ளைகளையும் புளியோதரைப் பொட்டலத்தையும் காரில் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக் கிராமங்களைப் பார்க்கக் கிளம்பும் நம் மக்களுக்கு,

வணக்கம். நான் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில், சிப்பனம் என்ற ஊரில் இருக்கிறேன். லேகாக் கிராமம் இங்கிருந்து மூன்று மைல்தான், அடிக்கடி போவேன். அங்கே தேவாலயத் தெருவில் தமிழ் காதில் விழும்போது மனசு நிறைந்துவிடும். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எடுக்கிற படத்தோடு எந்த ஊர், எந்தத் தெரு, எந்தத் தேதி என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், போன வருஷம் கார் பூட் சேலில் (ஆட்கள் காரின் பின்பக்கத்தில் வைத்துப் பழைய பொருள் விற்கும் சந்தை) ஒரு ஷூ பெட்டி நிறையப் பழைய படங்களை இரண்டு பவுண்டுக்கு வாங்கினேன். கல் வீடுகள், ஒரு பாலம், சைக்கிளோடு நிற்கும் ஒரு பையன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன், பின்னால் எதுவும் இல்லை. ஒரே ஒரு படத்தில் மட்டும் பென்சிலில் எழுதியிருந்தது: எங்கள் தெரு, பிப்ரவரி 1963. அந்தக் குளிர்காலம் இங்கே பேர்போனது. 1962 கிறிஸ்துமஸை ஒட்டி ஆரம்பித்த பனி மார்ச் வரை விடவில்லை. படத்திலும் ஜன்னல் விளிம்பு வரை பனி. தேதி இருக்கிறது, பனி இருக்கிறது. யாருடைய தெரு என்பது மட்டும் போய்விட்டது.

லேகாக்கில் இருந்த ஒருவர் இதைச் சரியாகச் செய்தார். அங்கிருக்கும் பழைய மடத்து மாளிகையில் வாழ்ந்த, புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், சின்னச் சின்ன மரப்பெட்டிகளில் லென்ஸ் பொருத்தி வீட்டைச் சுற்றி வைப்பார். அவற்றை எலிப்பொறி என்றுதான் அவர் மனைவி சொல்வார். 1835 ஆகஸ்டில் அப்படி ஒரு பெட்டியில், தெற்குப் பக்கத்து ஜன்னல் தபால்தலை அளவில் பதிந்தது. இன்றைக்கு இருப்பதிலேயே மிகப் பழைய நெகட்டிவ் அதுதான். அதோடு தன் கையால் ஒரு குறிப்பும் எழுதிவைத்தார்: எந்த ஜன்னல், எப்படி எடுத்தது, எந்த மாதம், எடுத்த புதிதில் சுமார் 200 கண்ணாடிச் சதுரங்களையும் லென்ஸ் வைத்து எண்ண முடிந்தது என்பது வரை. படம் இப்போது மங்கிவிட்டது, சதுரங்களை எண்ண முடியாது. எழுத்து சொல்வதால்தான் நமக்குத் தெரிகிறது. நீங்கள் செல்ஃபி எடுக்க நிற்பதும் அதே ஜன்னல் முன்னால்தான்.

அப்புறம், லேகாக்குக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. 1944-ல் டால்பட்டின் பேத்தி மட்டில்டா மாளிகையையும் கிராமத்தையும், பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். மின்கம்பி, டிவி ஆன்டெனா எதுவும் வெளியே தெரியாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். அதனால் அங்கே எடுத்த படத்தைப் பார்த்து வருஷத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஓரத்தில் நிற்கும் கார், வாசலில் கிடக்கும் குப்பைத்தொட்டி, இவைதான் காலம் சொல்லும். படம் கெட்டுவிட்டது என்று போனில் அவற்றை அழிக்காதீர்கள். டால்பட்டே 1844-ல் எடுத்த ஒரு படத்தில், திறந்த கதவோரம் ஒரு துடைப்பத்தைச் சாய்த்து வைத்திருப்பார். எனக்கு அந்தத் துடைப்பம்தான் அத்தனை பிடிக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஒரு பெண்மணி கடைப் பையோடு தன் வீட்டுக்குள் போக முடியாமல், வாசற்படியில் உட்கார்ந்து போஸ் கொடுத்த நம் குடும்பம் எழுந்திருக்கும்வரை தெருவில் நின்றதைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது.

எழுதிய படங்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஜியோகிராஃப் என்று ஒரு தளம் 2005-லிருந்து இருக்கிறது. பிரிட்டனையும் அயர்லாந்தையும் ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு படமாவது சேர வேண்டும் என்று பொதுமக்களிடம் வாங்கிச் சேர்க்கிறார்கள். இடமும் தேதியும் அங்கே கேட்பார்கள். 1860 வாக்கில் ஃபிரான்சிஸ் ஃபிரித் என்ற புகைப்படக்காரர் இங்கிலாந்தின் ரைகேட் ஊரில் கம்பெனி தொடங்கி, ஊர் ஊராக ஆள் அனுப்பி எடுத்த தெருப் படங்களிலும் ஓரத்தில் ஊர்ப்பெயரும் எண்ணும் இருக்கும். இன்றைக்கும் ஜனங்கள் தங்கள் தெருவை அவற்றில் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள்.

அந்த 1963 படத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். தெரு இடப்பக்கமாகச் சரிகிறது. முனையில் சுவரோடு சுவராகப் பதித்த சின்னத் தபால்பெட்டி. எதிரே இரண்டு புகைபோக்கி வைத்த கல் வீடு, கதவு பாதி திறந்திருக்கிறது. போகிற வழியில் இப்படி ஒரு தெரு கண்ணில் பட்டால், ஊர்ப்பெயரை எழுதிக்கொண்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சிப்பனத்திலிருந்து ஒரு தமிழர்