வழிப்பறி வழக்கில் மூன்றாண்டு ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அதிகாலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஓர் ஆச்சியின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியவனுக்கு மூன்றாண்டு கடுங்காவல் என்று தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். “வெறும் மூன்றாண்டா? நீதிமன்றமே இப்படி இரக்கம் காட்டினால் எங்கே போவது?” என்று அதற்கு வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வழிப்பறி வழக்குகளின் ஆவணக் கட்டுகள் பலவற்றை அடுக்கி, பக்க எண் போட்டு, நூல் கோத்துக் கட்டியவன். அந்த நடுவர் மீது விழுந்திருக்கும் பழி அவருக்கு உரியதே அல்ல என்று சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

வழிப்பறிக்குப் பத்தாண்டு வரை கடுங்காவல் விதிக்கலாம் என்பது உண்மை. சூரியன் மறைந்து மறுநாள் உதிப்பதற்குள் நெடுஞ்சாலையில் நடந்தால் பதினான்கு ஆண்டு வரை போகலாம். பழைய தண்டனைச் சட்டத்தில் 392-ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 309-க்குள் வந்துவிட்டது; ஆண்டுக் கணக்கு மாறவில்லை. ஆனால் இந்த வழக்கை விசாரிப்பவர் முதல் வகுப்புக் குற்றவியல் நடுவர். எந்தப் பிரிவானாலும் மூன்றாண்டுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. அதாவது, அவர் கொடுத்தது தம்மால் கொடுக்க முடிந்ததன் உச்சம்.

இது போதாது என்று நடுவர் கருதினால் அதற்கும் சட்டத்தில் வழி உண்டு. ‘இவன் குற்றவாளி, ஆனால் என் அதிகாரத்துக்குள் அடங்கும் தண்டனை போதாது’ என்று தம் கருத்தை எழுதி, கட்டை மாவட்டத் தலைமைக் குற்றவியல் நடுவருக்கு அனுப்பலாம். அவர் ஏழாண்டு வரை விதிக்கலாம். என் பணிக்காலத்தில் அப்படிப் போன கட்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அரசுத் தரப்பு எழுந்து நின்று கேட்டால்தானே நடுவர் யோசிப்பார்? கத்தியைக் காட்டிய வழக்குகளையும், ஐந்து பேருக்குக் குறையாமல் சேர்ந்து வந்த கூட்டுக்கொள்ளை வழக்குகளையும் அமர்வு நீதிமன்றம் விசாரிக்கும். அவற்றின் கதை வேறு.

தண்டனையின் அளவு பெரும்பாலும் தீர்ப்பு நாளுக்கு வெகு முன்பே, புகார் எழுதும் மேசையில் முடிவாகிவிடுகிறது. என் ஆதங்கம் இதில்தான். புதிய சட்டத்தில் 304 என்று ‘பறிப்பு’க்குத் தனிப் பிரிவு வந்திருக்கிறது. அதற்கு உச்சமே மூன்றாண்டுதான். அதே சம்பவத்தில் பறிக்கும்போது காயப்படுத்தியதோ, காயப்படுத்தப் போவதாக மிரட்டியதோ எழுத்தில் இருந்தால் அது வழிப்பறி. காயமே ஏற்பட்டிருந்தால் ஆயுள் வரை போகக்கூடிய உட்பிரிவும் இருக்கிறது. ஆனால் நம் ஆச்சிமார் என்ன செய்கிறார்கள்? கழுத்தைச் சுற்றி நூல் பிடித்தாற்போல் சிவந்து கிடக்கும் கோட்டின் மேல் மஞ்சளையும் எண்ணெயையும் தடவிவிட்டு, “உயிர் பிழைத்ததே போதும், முருகா” என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்துச் சென்னையிலிருந்து மகன் வந்த பிறகுதான் காவல் நிலையம். அதற்குள் கோடு மங்கிவிடும். அரசு மருத்துவமனையின் காயச் சான்றிதழ் இல்லை, புகாரில் காயம் என்ற சொல்லே இல்லை. பிறகு எந்த நடுவர் எதை வைத்து, தண்டனை போதாது என்று கட்டை மேலே அனுப்புவார்?

காவல் நிலையத்துக்குப் போவதே அசிங்கம் என்ற எண்ணம் இன்னும் நம் ஊர்களில் போகவில்லை. பெண்களையும் அறுபது வயது கடந்தவர்களையும் சாட்சி விசாரணைக்கென்று நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டுக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். வாங்கியவுடன் வீட்டில் யாராவது ஒருவர் அதை வரி வரியாகப் படித்துப் பாருங்கள்; காயம் விடுபட்டிருந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.

“நகை கோர்ட்டில் மாட்டிக்கொள்ளும், என் காலத்துக்குள் வராது” என்று புகாரே கொடுக்காதவர்களும் இருக்கிறார்கள். படம் எடுத்து, மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவு) எழுதி, பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு பொருளை உரியவரிடம் சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. பொருள் வந்த 14 நாளில் விவரப் பட்டியல், அடுத்த 30 நாளில் உத்தரவு என்று புதிய நடைமுறைச் சட்டம் கெடுவும் வைத்திருக்கிறது. மனுப் போடுங்கள்.

நகையை அடையாளம் காட்டுவதும் லேசான வேலை இல்லை. ஒரு வழக்கில் அரக்கு முத்திரை உடைத்து உறையிலிருந்து எடுத்த சங்கிலியை ஓர் ஆச்சியின் கையில் கொடுத்தார்கள். “இந்த மாதிரிச் சங்கிலி ஊரில் நூறு பேரிடம் இருக்கும், உங்களுடையதுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?” என்றார் எதிர்த்தரப்பு வழக்குரைஞர். ஆச்சி பதற்றப்படவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கொக்கிக்குப் பக்கத்து வளையத்தை விரல் நகத்தால் நெருடிக் காட்டினார். மற்றவை எல்லாம் உருண்டை, அது மட்டும் சற்றுத் தட்டை. “இது அறுந்தபோது எங்கள் ஆசாரி வைத்த பற்று ஐயா. மற்றதெல்லாம் என் கல்யாணத்துக்கு அப்பச்சி செய்து போட்டது.” நடுவர் அதை அப்படியே வாக்குமூலத்தில் எழுதச் சொன்னார். அந்த ஒரு வளையம்தான் வழக்கை நிலைக்க வைத்தது. உருக்கிக் கட்டியாக வந்து சேர்ந்த தங்கத்துக்கு இப்படிச் சாட்சி சொல்ல யாராலும் முடிந்ததில்லை.

நம் ஊர் அமைப்பையும் சொல்ல வேண்டும். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டுக் கதவு அடுத்த தெருவில் என்று நீளும் வீடுகள். பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. காலை ஆறு மணிக்கு ஒருவன் சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஓடினால் இரு பக்கமும் சுவர்தான் சாட்சி. எனவே பறிகொடுத்தவரே முகத்தை அடையாளம் சொல்லியாக வேண்டும். பிடிபட்டவன் காவலரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தில் பொருளைக் கண்டெடுக்க வைத்த பகுதி மட்டும்தான் நீதிமன்றத்தில் செல்லும். மகஜரில் கையெழுத்திட்ட டீக்கடைக்காரர் கூண்டில் ஏறி “போலீஸ் கேட்டார்கள், போட்டேன்” என்று பிறழ்ந்துவிட்டால் அதுவும் போயிற்று. இந்தக் கடுமை தேவைதான். பழைய வழக்கு ஒன்றில் பெயர் இருந்தது என்பதற்காகவே இழுத்து வரப்பட்ட பையன்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றதையும் நான் பார்த்திருக்கிறேன்.

இங்கேதான் தங்களிடம் ஒரு வேண்டுகோள். பிடிபட்ட மறுநாளே அந்த ஆளின் முகத்தைப் பெரிதாகப் படம் போடுகிறீர்கள். பிறகு நடுவர் ஒருவர் சிறைக்குச் சென்று, ஒத்த வயதும் தோற்றமும் உள்ளவர்களை வரிசையில் நிறுத்தி அடையாள அணிவகுப்பு நடத்துகிறார். ஆச்சி சரியாகவே காட்டுகிறார். குறுக்கு விசாரணையில் ஒரே கேள்வி: “பேப்பரில் படம் பார்த்தீர்களா அம்மா?” “ஆமாம், பேரன் காட்டினான்.” சத்தியத்தைச் சொன்ன அந்தப் பதிலால் அணிவகுப்பின் மதிப்பே போய்விடுகிறது. அணிவகுப்பு முடியும் வரை முகப்படம் வெளியிடாதீர்கள். தீர்ப்புச் செய்தியில் எந்தப் பிரிவு, எந்த நீதிமன்றம் என்ற இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். காயம் வழக்கில் இருந்ததா என்று ஒரு வரி செய்தியாளர் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.