பத்து மணிக்குப் பள்ளி தொடங்கினால் என்ன குறைந்துவிடும்?

எங்கள் மலைப்பகுதிக் கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

சென்ற திங்கட்கிழமை நடந்தது உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். எட்டு மணிச் சிறப்பு வகுப்புக்குப் பிந்தி வந்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வாசற்கதவுக்கு வெளியே நிற்கவைத்தார்கள். காலை வழிபாட்டு மணி அடிக்கும்வரை நின்றார்கள். என் மகளும் அதில் ஒருத்தி. ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீலகிரியில், ஜனவரி மாதத்தில், உறைபனி விழுந்த காலையில் ஒழுங்கைக் கற்பிக்க வேறு இடமே கிடைக்கவில்லையா?

எங்கள் எஸ்டேட் லைனிலிருந்து (தொழிலாளர் குடியிருப்பு) பள்ளிக்கு நாலு கிலோமீட்டர். முதல் பஸ் எட்டரை மணிக்குத்தான் வரும். ஆகவே பிள்ளைகள் ஆறே முக்காலுக்கு நடக்கத் தொடங்குகிறார்கள். இந்த மாதத்தில் சூரியன் எழுவதே அப்போதுதான். இரவெல்லாம் இறங்கிய குளிர் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். ரோட்டோடு போனால் நேரமாகும் என்று புல்வெளிக் குறுக்குப் பாதையில் இறங்குகிறார்கள். புல்லில் உப்புக் கொட்டியதுபோல் படிந்திருக்கும் பனி, மிதித்ததும் உருகிக் கேன்வாஸ் ஷூவுக்குள் இறங்கிவிடும். காலுறை நனைந்துவிடும். அந்த ஈரக் காலோடு சிமெண்டுத் தரையில் மாலைவரை உட்கார வேண்டும். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போது விரல்கள் வெளிறிச் சுருங்கியிருக்கும். சுண்டு விரல்கள் சிவந்து வீங்கியிருக்கும். வெந்நீரில் வைத்தால் அரிப்பெடுத்து என் மகள் அழுகிறாள். மறுநாள் காலைக்குள் ஷூ காய்வதில்லை. அடுப்போரம் வைத்தால் அடிப்பாகம் பிளந்துகொள்கிறது. காலை நேரத் தேர்வில் விரல் மடங்காமல் அவள் எழுதிய விடைத்தாளில் 'கையெழுத்தைத் திருத்தவும்' என்று சிவப்பு மையில் குறித்து அனுப்பியிருக்கிறார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். டிசம்பர் முதல் பிப்ரவரி பாதிவரை பள்ளியைப் பத்து மணிக்குத் தொடங்குங்கள்.

இதை முன்பே மனுவாகக் கொடுத்தோம். 'வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லையே' என்றார் உங்கள் அலுவலகத்தில் ஒருவர். ஐயா, வெப்பமானி தரையிலிருந்து நாலடி உயரத்தில், வெள்ளைப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. காற்றில்லாத, மேகமில்லாத இரவில் தரை அதைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடும். பெட்டிக்குள் இரண்டு டிகிரி காட்டும் நாளிலும் பள்ளத்தில் தேயிலைக் கொழுந்து கருகிப்போகிறது. கருகிய கொழுந்தைக் கணக்கெடுக்க ஆள் வருகிறார்கள், பிள்ளைகளின் காலைப் பார்க்கத்தான் யாரும் வருவதில்லை.

சமவெளியில் வெயில் அடித்தால் மட்டும் மாநிலம் முழுவதற்கும் இரக்கம் பிறக்கிறது. 2023இல் ஜூன் 1ஆம் தேதியும் 5ஆம் தேதியும் திறக்க வேண்டிய பள்ளிகள் வெயிலின் பேரில் 12ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் தள்ளிப்போயின. அந்த வெயில் விடுமுறை எங்களுக்கும் கிடைத்தது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அனுபவித்தோம்! பத்திரிகைகளோ ஒவ்வோர் ஆண்டும் ஊட்டியை 'மினி காஷ்மீர்' என்று எழுதுகின்றன. வெளியூர்க்காரர்கள் காரின் மேல் படிந்த பனியைச் சுரண்டிப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நிஜக் காஷ்மீரில் குளிர்காலத்தில் பள்ளிகளை வாரக்கணக்கில் மூடிவிடுவார்கள். மினி காஷ்மீருக்கு மினி விடுமுறைகூட வேண்டாம், இரண்டு மணி நேரம் போதும்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். சிறப்பு வகுப்பை மாலைக்கு மாற்றலாமே என்று நினைக்காதீர்கள். ஆறு மணிக்கு மேல் தேயிலைக் காட்டுக்குள் காட்டெருமை நிற்கும், கரடியும் வரும். சனிக்கிழமை பகலில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அனுப்புவது எங்கள் பொறுப்பு. பொதுத்தேர்வு நெருங்குகிறது என்பது எங்களுக்கும் தெரியும். ஆசிரியர்களில் பலர் தொலைவிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். அவர்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள், வெளியே சொல்லத்தான் தயங்குகிறார்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளிலிருந்தே பத்து மணி என்று ஆணை வரவேண்டும். அதுவரை, பிந்தி வரும் பிள்ளைகளை உள்ளே விடும்படி தலைமையாசிரியர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்