கம்பியைத் தின்னும் நுண்துளைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கான்கிரீட்டில் வார்த்த கனசதுரக் கட்டியை 28 நாள் கழித்து நசுக்கிப் பார்த்து, வலிமை இருக்கிறது என்று நிம்மதி அடைகிறோம். அந்தக் கான்கிரீட்டில் நீர் புகுமா என்று கேட்பவர் மிகக் குறைவு. எனக்கு அதுதான் கவலை. கலவை எளிதாக ஓடட்டும் என்று கூடுதலாக ஊற்றும் தண்ணீர் பின்னர் வெளியேறி, நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. அவற்றின் வழியே ஈரமும் உப்பும் கரியமில வாயுவும் நுழைகின்றன. கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் இரும்புக் கம்பிக்குத் தரும் காப்பு தகர்ந்ததும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் பிளந்து உதிர்கிறது. தண்ணீர் சிமென்ட் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது. வார்த்த கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாளாவது இடைவிடாமல் ஈரமாக வைத்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் பணியிடத்திலேயே அளந்து பதிவு செய்வதைக் கட்டாயமாக்குங்கள்.

இப்படிக்கு,
கட்டுமானப் பொறியாளர் ஒருவர்