கரைவதும் சிலையின் வடிவமைப்புதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

விநாயகர் சிலைகளுக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூடாதென மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இலேயே சொல்லிவிட்டது. ஆனால் மண்ணுக்கு மாறினால் மட்டும், வேலூரில் சிலைகளைக் கரைக்கும் சதுப்பேரி ஏரி பிழைக்காது. சுட்ட மண் கரையாது. பச்சை மண்ணில், உள்ளே கூடாக, அரை அங்குலக் கனத்தில் செய்ய வேண்டும். கனம் ஒரே சீராக இல்லாவிட்டால் காது ஒட்டிய இடத்தில்தான் முதலில் விரிசல் விழும். ஒட்டுமுன் இரு பக்கமும் கீறி, மண்கூழ் தடவி, நிழலில் மெல்லக் காயவிட வேண்டும். மேலே எனாமல் பெயின்ட் பூசினால் தண்ணீர் உள்ளே இறங்காது. நல்ல மண்ணும் ஏரியில் கட்டியாகக் கிடக்கும். காவியும் மஞ்சளும் சுண்ணாம்பும் போதுமே! மஞ்சள்மேல் சுண்ணாம்பு பட்டால் சிவந்துவிடும், அவ்வளவுதான். பத்தடி, பன்னிரண்டடி என்று போட்டி போடும் விழாக் குழுக்கள் உயரத்தோடு கனத்தையும் கேட்டு வாங்கட்டும்.

மண்சிலைக் கைவினைஞர்கள்,
காட்பாடி