உப்புத்தண்ணீர் பாட்டிலை யார் நிரப்புவார்? விலங்கு நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

காவிரிப் படுகையில் விலங்குக்கூடம் வைத்திருக்கும் கல்லூரிகளின் விலங்கு நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

எலியின் அட்ரீனல் சுரப்பியை (சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சிறு சுரப்பி) எடுத்து உடம்பில் வேறிடத்தில் பதிக்கும் ஆய்வுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தால், அதைத் தள்ளிவிடுங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நான் ஆடிசன் நோயாளி, அதாவது அட்ரீனல் சுரப்பிகள் வேலை செய்யாதவர். காசநோய் என் இரண்டு சுரப்பிகளையும் தின்றுவிட்டது. அவை சுரக்க வேண்டியதற்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையில்தான் நடமாடுகிறேன். காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும், வாந்தி வந்தால் ஊசிக்கு ஓட வேண்டும். உடம்பின் தேவையறிந்து தானாகச் சுரக்கும் ஒரு துணுக்குத் திசு கிடைத்தால் என்னைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லத் தேவையில்லை. ஆய்வு நடக்கட்டும். ஆனால் அறுவைக்குப் பிந்தைய பராமரிப்புக் குறிப்பைத் தமிழில் எழுதி, கூண்டு பார்க்கும் ஊழியரின் கையில் கொடுத்த பிறகே அனுமதியில் கையெழுத்திடுங்கள்.

எலியின் இரண்டு சுரப்பிகளையும் எடுத்துவிட்டால், உப்பை உடம்பில் தக்கவைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் நின்றுபோகிறது. சோடியம் சிறுநீரில் கழிகிறது, பொட்டாசியம் ஏறுகிறது. 1936-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் கர்ட் ரிக்டர், இப்படிச் சுரப்பி இழந்த எலிகள் உப்புக்கரைசலைத் தாமாகவே தேடி அதிகம் குடிப்பதைக் காட்டினார். எனக்கு அதில் வியப்பே இல்லை. நோய் என்னவென்று தெரியாத நாட்களில் நான் நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியை விட்டு நகர்ந்ததில்லை. வீட்டில் எல்லோரும் வேறு விதமாகச் சந்தேகப்பட்டார்கள்!

பதித்த சுரப்பித் துண்டு அன்றே வேலை செய்துவிடாது. இரத்த ஓட்டம் அறுந்ததால் அதன் நடுப்பகுதி அழுகிப்போகிறது. அட்ரீனலின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் உள்பகுதி பெரும்பாலும் மீள்வதில்லை. சுரப்பியின் மேலுறைக்கு அடியில் இருக்கும் மெல்லிய அடுக்கு மட்டும் பிழைத்து, புது இரத்தக்குழாய்கள் வந்து சேர்ந்தபின் புறணியை, அதாவது ஆல்டோஸ்டிரோன் போன்றவற்றைச் சுரக்கும் வெளிப்பகுதியை, மறுபடி வளர்க்கிறது. நட்ட நாற்று பச்சைபிடிக்கும் காலம் போல்தான், ஆனால் இங்கே வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அந்த எலியின் உயிர் 0.9 சதவீத உப்புநீர் பாட்டிலில் இருக்கிறது. அந்தப் பாட்டிலை நிரப்புகிறவர் ஆய்வாளர் இல்லை. மாட்டுப் பொங்கலன்றும் கூடத்தைத் திறந்து கூட்டிப் பெருக்கும் ஊழியர்தான். அவரிடம் இருப்பதோ ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள். பாட்டில் காலியானால் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டுப் போவார். அதில் அவரைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

பசி, குளிர், பயம் எதையும் சுரப்பி இல்லாத விலங்கு தாங்காது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு எத்தனையோ ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படியொரு நாளில் கூடத்துக்கு யார் வருவார், வர முடியாவிட்டால் என்ன செய்வது என்பதையும் விண்ணப்பத்தில் கேளுங்கள்.

எலிக்காக இவ்வளவா என்று இங்கே சிரிப்பார்கள். எங்கள் வயலிலும் எலி பிடிக்கத் தஞ்சாவூர்க் கிட்டி என்ற பொறியை வைக்கிறோம், கூலியும் கொடுக்கிறோம். கிட்டியில் சிக்கிய எலி சட்டென்று முடிந்துவிடுகிறது. உப்பு வற்றிச் சாவது அப்படியல்ல. அதன் தொடக்கத்தை மட்டும் நான் அனுபவித்திருக்கிறேன், அதுவே போதும். தவிர, பராமரிப்புக் குறையால் செத்த எலியை, பதித்த சுரப்பித் துண்டு பிடிக்காமல் செத்ததாகக் கணக்கெழுதினால் அந்த முடிவு எனக்கும் பயன்படாது.

புறணி மீண்டும் வளரும் என்பது 1930-களிலேயே எலியில் கண்டது. அதையே பட்டத்துக்காக இன்னொரு முறை காட்டும் விண்ணப்பத்தைத் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். மாட்டின் புறணி உயிரணுக்களை எதிர்ப்பாற்றல் இல்லாத சுண்டெலிகளில் வைத்து, சுரப்பியின் வேலையை அவை செய்வதை 1997-இல் காட்டிவிட்டார்கள். அதற்கு அடுத்த படியைத் தொடுகிறவர்களுக்கு அனுமதி கொடுங்கள்.

விலங்கு ஆய்வுகளுக்கான 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி உங்கள் குழுவில் அறிவியல் துறை சாராத உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். பல கூட்டங்களில் தேநீர் குடித்துக் கையெழுத்திடுவதோடு அவர் வேலை முடிந்துவிடுமோ என்று எனக்கு ஓர் ஐயம். ஞாயிற்றுக்கிழமை பாட்டிலை யார் நிரப்புவார் என்று கேட்க அவருக்கு அறிவியல் பட்டம் வேண்டியதில்லை.

குறிப்பில் இருக்க வேண்டியவை: லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்பு, வலிமருந்து வேளை, எலி சுருண்டு கிடந்தாலோ எடை குறைந்தாலோ யாரை அழைப்பது, ஊழியரே ஆய்வை நிறுத்தச் சொல்லும் உரிமை. தமிழில் எழுத ஆள் இல்லையென்றால் நான் எழுதித் தருகிறேன். உங்கள் கால்நடை மருத்துவர் சரிபார்த்தால் போதும்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஓர் ஆடிசன் நோயாளி