ஓம் என்று நீ போட்ட பதில்

அன்புள்ள தம்பி,

நல்லூரில் கொடியேறி ஐந்து நாள். அம்மா விரதம். கிணற்றடி மாமரம் இந்த முறையும் ஏமாற்றிவிட்டது. வேறு புதினம் இல்லை.

போன செவ்வாய் வட்ஸ்அப்பில் உன்னிடம் கேட்டேன்: "இண்டைக்கு வேலைக்குப் போனியோ, வீட்டில நிக்கிறியோ?" நீ போட்ட பதில்: "ஓம்." இரண்டில் எது ஓம் தம்பி? கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தேன்.

சின்னமாமியின் மகன் ஒரு திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு உன்னைக் கடையில் கண்டானாம். மெலிந்துபோய் இருந்தாய் என்றான். லீவாக இருந்திருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

வாயால் சொன்னால் எந்த ஓம் என்று எனக்குப் பிடிபடும். அம்மா "ஓமோம்" என்றால் நக்கல். "ஓ...ம்" என்று இழுத்தால் நடக்காது. பெரியப்பா காணிக்கதையில் சொன்ன ஓம் உனக்கும் தெரியும், இருபது வருஷமாகியும் வேலி அங்கேயேதான் நிற்கிறது. எழுத்தில் வந்தால் அந்த இராகம் இல்லை. அம்மா தமிழ் படிப்பித்தவ அல்லவா, தன்னைத் தானே தேற்றுகிறா: "வந்தோம், போனோம் எண்டு ஓம் தன்மைப் பன்மை விகுதி. அவன் ஓம் எண்டால் நாங்களும் அதுக்குள்ள இருக்கிறம்." வினையே இல்லாமல் விகுதி மட்டும் வந்தால் நான் என்னத்தை விளங்கிக்கொள்வது? நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் முழித்திருக்காதே.

நான் 33 வருஷம் மின்சாரப் பாடத்தில் ஓமின் விதி படிப்பித்தவன். அந்த விதியைச் சொன்ன ஜேர்மன்காரர் ஓமும் என்னைப் போலப் பள்ளிக்கூட வாத்தியார்தான். 1827இல் புத்தகம் போட்டார், சொந்த நாட்டில் பெரிதாக மதிக்கவில்லை. 1841இல் லண்டன் றோயல் சொசைற்றி பதக்கம் கொடுத்தது. இன்றைக்குத் தடையின் அலகே அவர் பெயர். அழுத்தத்தைக் கூட்டினால் ஓட்டம் கூடும், தடை மாறாது என்று எத்தனை தரம் கரும்பலகையில் எழுதியிருப்பேன். "வெப்பநிலை மாறாதிருக்கும்போது" என்ற நிபந்தனையை விட்டவனுக்குப் புள்ளியும் வெட்டினேன். வீட்டில் அதை விட்டது நான்தான். கம்பி சூடேறினால் தடையும் ஏறும்.

உன் முதல் சம்பளத்தில் மாற்றிய ஓடு இன்னும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. கோயிலடியில் யார் கேட்டாலும் அதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு அப்பாவுக்கு இரண்டு வரி எழுத நேரமில்லையோ?

நேற்றுப் பின்னேரம் பிரசங்கத்தில் சுவாமிமலைக் கதை சொன்னார்கள். ஓமுக்குப் பொருள் சொன்னது மகன், தகப்பன் குனிந்து காது கொடுத்தார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை.

உன் ஏ.எல். பெறுபேறு வந்த அன்று, விறாந்தையில், படம் கீறுகிற படிப்பு என்று நீ ஏதோ சொல்லத் தொடங்கினாய். "கதை வேண்டாம். பொறியியல், ஓமோ இல்லையோ?" என்றேன். நீ காலைப் பார்த்துக்கொண்டு ஓம் என்றாய். அது இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும் தம்பி. தெரிந்துகொண்டுதான் உள்ளே போய் விண்ணப்பத்தை நிரப்பினேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று வகுப்பிலும் வீட்டிலும் உன்னைப் பழக்கினவனும் நான். இப்போது நீ கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாய்.

வேலை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஓடு மாற்றின காசை யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை.

விடியப்புறம் நாலரைக்கு நான் எழும்பிவிடுவேன். அங்கே அப்போது பின்னேரம் ஏழு மணி. எடு. கதைக்க மனமில்லாவிட்டால் சும்மா லைனில் நில், நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பேன். புழுக்கொடியல் காய்ந்தது இருக்கிறது, வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். இப்படி எழுதினேன் என்று அம்மாவுக்குச் சொல்லாதே.

அப்பா